ஒத்திகையில் பிறந்த காட்சி யாருக்குச் சொந்தம்?

கையில் நாடகப் பிரதி எதுவும் இல்லாமல், நாலைந்து பேர் கூடி ஒத்திகையிலேயே ஒரு நாடகத்தை உண்டாக்குகிற குழுக்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய அரங்குகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஒப்பந்தம், மேலாளர், வக்கீல் என்று ஏதாவது ஒரு பிடிமானம் இருக்கும். சின்ன அரங்கில் சொந்தக் காசைப் போட்டு நாடகம் செய்கிறவர்களுக்கு நட்பு ஒன்றுதான் எல்லாம். அந்த நட்பு ஆட்டம் கண்டால் நாடகம் என்ன ஆகும், காசு என்ன ஆகும், யார் என்ன கேட்கலாம் என்று முன்கூட்டியே ஒருவராவது எனக்குச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. ஏறக்குறைய ஓராண்டு உழைப்பு அந்தரத்தில் தொங்கியது. சேமிப்பில் பாதி போனது.

நாங்கள் வேலை செய்யும் விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். இயக்குநராக நான் ஒரு பயிற்சியைக் கொடுப்பேன். நடிகர்கள் அதை எடுத்துக்கொண்டு போய் ஏதாவது செய்து காட்டுவார்கள். அதில் உயிருள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவோம். ஒருநாள், “தனி ஆளாகச் செய்ய முடியாத ஒரு வீட்டு வேலையைக் கொண்டுவாருங்கள்” என்று சொன்னேன். எங்கள் குழுவின் மூத்த நடிகை ஒரு பெரிய போர்வையைக் கொண்டுவந்தார். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, மடித்து, கிட்டே வந்து முனையை மற்றவர் கையில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். பேச்சுவார்த்தை நின்றுபோன அம்மாவும் மகளும் என்று அவரே முடிவு செய்திருந்தார். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ செய்தபோது, மகளாக நடித்தவர் கிட்டே வந்த முனையை வாங்கிக்கொள்ளாமல் கையைப் பின்னால் வைத்துக்கொண்டார். போர்வை பாதி மடிந்தபடி அம்மாவின் கையிலிருந்து தரையில் சரிந்தது. ஓரமாக உட்கார்ந்து வயரைச் சுற்றிக்கொண்டிருந்த எங்கள் ஒளியமைப்பாளர் தலையைத் தூக்காமலேயே, “திரும்ப விரிச்சா என்ன?” என்றார். விரித்தார்கள். மடிப்பதும் விரிப்பதுமாக அது ஒரு நீண்ட காட்சியாக வளர்ந்தது. அதில் வருகிற ஒரே வசனம் “இன்னும் ஈரம் போகல.” அது வேறொரு நாள், வேறொரு நடிகர் விளையாட்டாகச் சொன்னது.

சின்ன அரங்குக்கென்றே பிறந்த காட்சி அது. முதல் வரிசைக்காரர் கையை நீட்டினால் போர்வையைத் தொட்டுவிடலாம். துணியை இறுக்கிப் பிடிக்கும்போது விரல் கணுக்கள் வெளுப்பது தெரியும். ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்தில் இதைப் போட்டால் இரண்டு பேர் துணி மடிக்கிறார்கள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

சரி, இந்தக் காட்சியை யார் செய்தது? பயிற்சி என்னுடையது. போர்வையும் அம்மா-மகள் உறவும் மூத்த நடிகையுடையவை. திருப்பத்தைக் கொடுத்தது இன்னொரு நடிகை. வடிவத்தைக் கொடுத்தது விளக்குப் போடுகிறவர். வசனம் மற்றொருவருடையது. காட்சி நன்றாக வந்துகொண்டிருந்த வரை இந்தக் கேள்வி ஒருவர் மனதிலும் எழவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படி வேலை செய்கிற குழுக்களில் பெரும்பாலும் கைபேசியில் வீடியோ எடுத்து வைப்போம். அதுவே ஆவணம் என்று நம்பிக்கொண்டிருப்போம். மணிக்கணக்கான வீடியோவில் ஒரு காட்சி எங்கே முளைத்தது என்று தேடிப்பாருங்கள், வெறுத்துப்போகும். அதோடு, வீடியோவில் என்ன நடந்தது என்பது இருக்கும், யார் சொல்லி நடந்தது என்பது இருக்காது. ஒளியமைப்பாளரின் அந்த மூன்று சொல் எங்கள் வீடியோவில் பதிவாகவே இல்லை. வயர் உரசுகிற சத்தம்தான் கேட்டது. இப்போது ஒத்திகை முடிந்ததும் ஒருவர் அரைப் பக்கம் எழுதுகிறார். தேதி, கொடுத்த பயிற்சி, யார் எதைக் கொண்டுவந்தார், எதை வைத்துக்கொள்வது. அதை முறைவைத்து எழுதுவது நல்லது. ஒரே ஆள் எழுதினால் எல்லாம் அவர் கண்ணில் பட்டபடிதான் இருக்கும்.

பிரச்சினை கிளம்பிய இடம் முன்னோட்டக் காட்சி. அரங்கேற்றத்துக்குச் சில வாரங்களுக்கு முன்னால், தெரிந்த நாடகக்காரர்கள் சிலரை அழைத்துப் போட்டுக்காட்டினோம். முடிந்ததும் கலந்துரையாடல். நம் ஆட்கள் கூடினால் எப்படி இருக்கும் என்று தெரியுமே! “நான் இதை டைரக்ட் பண்ணியிருந்தா...” என்று ஒருவர் ஆரம்பித்தார். அதன்பின் ஆளாளுக்கு அவரவர் மனதில் இருந்த நாடகத்தைப் பற்றிப் பேசினார்கள். அம்மா பாத்திரம் தேவையே இல்லை என்று ஒருவர். போர்வைக் காட்சி பாதி நேரத்துக்குச் சுருங்க வேண்டும் என்று இன்னொருவர். மூத்த நடிகை கையில் அந்தப் போர்வையை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் ஒத்திகையில் நான் அந்தக் காட்சியைச் சுருக்கிப் பார்த்தேன். இயக்குநர் என்றால் அதுதானே வேலை, இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு அது அவருக்கு வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்தது.

கருத்துக் கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990 வாக்கில் உருவாக்கியது, இன்று நாடகக்காரர்களும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். நாலு படிகள். முதலில், பார்த்ததில் எது மனதில் நின்றது என்று மட்டும் பார்வையாளர்கள் சொல்ல வேண்டும். இரண்டாவது, கலைஞர் தனக்கு வேண்டியதைப் பார்வையாளரிடம் கேட்பார். மூன்றாவது, பார்வையாளர் கேள்வி கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. “ஏன் இவ்வளவு நீளம்?” என்று கேட்டால் அது கேள்வி வேஷம் போட்ட தீர்ப்பு. “இந்தக் காட்சியின் நீளத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?” என்று கேட்கலாம். கடைசியாகத்தான் அபிப்பிராயம். அதுவும் “இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, சொல்லட்டுமா?” என்று கேட்டு, கலைஞர் சரி என்றால் மட்டும். கேட்கிறபோது சின்னப்பிள்ளை விளையாட்டு போலத் தோன்றும். செய்துபாருங்கள், மூன்றாவது படியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கூட்டத்தை நடத்த வெளியாள் ஒருவர் வேண்டும். இயக்குநரே நடத்தினால் தன் நாடகத்துக்குத் தானே வக்கீலாகிவிடுவார்.

முன்னோட்டம் முடிந்து சில நாள் கழித்து மூத்த நடிகை போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. “நான் விலகிக்கிறேன். நான் கொண்டுவந்த சீன் எதையும் போடாதீங்க. அதெல்லாம் என் வாழ்க்கையிலேர்ந்து எடுத்தது.” அரங்குக்கு முன்பணம் கட்டியாயிற்று. சுவரொட்டி அச்சாகிவிட்டது. விளக்குகளை வாடகைக்கு எடுக்கப் பேசி முடித்திருந்தோம். அரங்கேற்றத்தைத் தள்ளிவைத்தபோது முன்பணம் திரும்பவில்லை, சுவரொட்டிக் காசு குப்பைக்குப் போனது, விளக்குக்காரர் மட்டும் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார். நடிகர்கள் யாரும் சம்பளத்துக்கு வந்தவர்கள் இல்லை, ஆனாலும் இந்த நாடகத்துக்காக வேறு வேலைகளை விட்டிருந்தார்கள். அவர்களுக்குப் போக்குவரத்துச் செலவாவது கொடுக்காமல் இருக்க மனம் வரவில்லை. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமில்லை. துரோகம் என்று நினைப்பேன், அடுத்த நிமிஷம் அவர் சொல்வதில் என்ன தப்பு என்று தோன்றும். யாரிடமும் பேசவும் முடியவில்லை. நாடக உலகம் சின்னது, காலையில் சொன்னது மாலைக்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லாததால் நானே படிக்க ஆரம்பித்தேன். சட்டம் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் புரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன். முதல் விஷயம், வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. ‘இரண்டு பேர் போர்வை மடிக்கட்டும்’ என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய யோசனை. அது எந்த வரிசையில், எந்த அசைவோடு, எந்த வசனத்தோடு வடிவம் பெற்றது என்பதில்தான் உரிமை தொடங்குகிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நாடகப் படைப்பு என்பதை விளக்கும்போது, அதன் வடிவம் எழுத்திலோ வேறு வகையிலோ நிலைபெற்றிருக்க வேண்டும் என்கிறது. கூட்டுப் படைப்பு என்றால், ஒருவரின் பங்களிப்பை மற்றவருடையதிலிருந்து தனியே பிரிக்க முடியாதபடி சேர்ந்து உருவாக்கியது. போர்வைக் காட்சியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அமெரிக்காவில் இன்னொரு படி கூடுதலாக இருக்கிறது. ஒரே படைப்பாகச் சேர்க்கும் எண்ணத்தோடு எழுதியிருக்க வேண்டும் என்பதோடு, ஒருவரையொருவர் சக ஆசிரியராகக் கருதியிருக்க வேண்டும் என்றும் நீதிமன்றங்கள் பார்க்கின்றன. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் ‘ரெண்ட்’ என்ற இசை நாடகம். அதை எழுதிய ஜொனதன் லார்சன் 1996இல், நாடகம் வெற்றி பெறுவதற்கு முன்பே இறந்துபோனார். பிரதியைத் திருத்தி அமைப்பதில் அவரோடு உட்கார்ந்து வேலை செய்த லின் தாம்சன் என்ற டிரமட்டர்க் (நாடகப் பிரதி ஆலோசகர்), தானும் சக ஆசிரியர் என்று வழக்குப் போட்டார். அவர் கணிசமாகப் பங்களித்தார் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் லார்சனுக்கு அவரைச் சக ஆசிரியராக ஏற்கும் எண்ணம் இருக்கவில்லை என்று சொல்லி 1998இல் மேல்முறையீட்டிலும் வழக்கு தள்ளுபடியானது. எண்ணத்தை எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது: கடைசி முடிவு யார் கையில் இருந்தது, பெயர்ப் பட்டியலில் யார் எப்படிக் குறிப்பிடப்பட்டார், வெளியாட்களோடு போட்ட ஒப்பந்தங்களில் என்ன எழுதியிருந்தது. ஆக, அச்சடிக்கிற துண்டுப்பிரசுரத்தில் “உருவாக்கம்: குழு” என்று போடுவதும் “எழுத்து, இயக்கம்: இன்னார்” என்று போடுவதும் சும்மா மரியாதைக்கான விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பிரிட்டனில் நம் அளவுக்கு இன்னும் நெருக்கமான வழக்கு ஒன்று இருக்கிறது. மேரி ஜோன்ஸ் எழுதி, 1996இல் சிறிய அளவில் தொடங்கிப் பிறகு உலகம் சுற்றிய ஒரு நாடகத்தில், முதலில் இயக்கிய பாம் பிரைட்டன் தானும் சக ஆசிரியர் என்றார். ஒத்திகையில் தான் சொன்ன யோசனைகளால்தான் பிரதி உருவானது என்பது அவர் வாதம். 2004இல் தீர்ப்பு வந்தது. ஒத்திகையில் இயக்குநர் செய்த பங்களிப்பு அவரைச் சக ஆசிரியராக்கிவிடவில்லை என்றார் நீதிபதி. எழுத்தாளரைக் கூடவே வைத்துக்கொண்டு நாடகம் உண்டாக்கும் இயக்குநர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எங்கள் குழுவில் எழுத்தாளரே கிடையாது, அதனால் எனக்கு இது முழுசாகப் பொருந்தவில்லை. ஆனால் ‘நான்தானே இயக்குநர், எல்லாம் என்னுடையது’ என்று மனதுக்குள் ஒரு குரல் இருந்ததல்லவா, அது அன்றைக்கு அடங்கியது.

இத்தனை படித்த பிறகு சட்டத்தை வைத்து ஒன்றும் செய்யவில்லை. சட்டப்படி போர்வைக் காட்சியை மூத்த நடிகை தனியாகத் தடுக்க முடியுமா என்பது நீதிமன்றம் போய்த்தான் தெரியும், போக எங்கள் யாருக்கும் தெம்பில்லை. ஆனால் படித்ததால் ஒரு நன்மை இருந்தது. எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது தெளிவானது. இருவருக்கும் பொதுவான ஒரு நண்பர் வீட்டில் உட்கார்ந்தோம். யாருடைய நாடகம் என்ற பேச்சை விட்டுவிட்டு, காட்சி காட்சியாக எடுத்துக்கொண்டோம். அவர் தன் வாழ்க்கையிலிருந்து நேரடியாகச் சொன்ன இரண்டு தனிப்பேச்சுக் காட்சிகள் போய்விட வேண்டும் என்றார். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. அது அவர் வாழ்க்கை. சட்டம் என்ன சொன்னாலும் ஒருவர் ஒத்திகையில் நம்பிக்கையோடு சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் மேடையில் வைக்கக் கூடாது. போர்வைக் காட்சியில்தான் நேரம் பிடித்தது. அது எப்படி வந்தது என்று ஆளாளுக்கு நினைவுபடுத்திச் சொல்ல, ஒளியமைப்பாளர் சொன்னதை அவரே மறந்துபோயிருந்தது தெரிந்தது. கடைசியில், காட்சி இருக்கட்டும், உருவாக்கியவர்களில் தன் பெயரும் வர வேண்டும், சுருக்கிய வடிவம் வேண்டாம் என்றார். ஒத்துக்கொண்டேன். சுருக்காமல் போடுவது எனக்கு இன்னும் உறுத்தல்தான்.

இரண்டு தனிப்பேச்சுகளும் போனதும் நாடகத்தின் நடுவில் பெரிய ஓட்டை விழுந்தது. அதை அடைக்க 1970களில் பிரிட்டனில் ஜாயின்ட் ஸ்டாக் என்ற குழு பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறையைக் கொஞ்சம் மாற்றிக் கையாண்டோம். முதலில் நடிகர்கள், இயக்குநர், எழுத்தாளர் எல்லோரும் சேர்ந்து பட்டறை நடத்துவார்கள். பிறகு எழுத்தாளர் தனியாகப் போய் உட்கார்ந்து எழுதுவார். எழுதிய பிரதியோடு திரும்பி வந்த பிறகுதான் ஒத்திகை. அந்த இடைவெளியில்தான் விஷயம் இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் எல்லாமாக இருக்க வேண்டியதில்லை. பிரெஞ்சு இயக்குநர் அரியான் முனூஷ்கின் மாதிரி ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே வாழ்ந்து கூட்டாகப் படைக்கிற குழுவின் கதை வேறு. அவரது ‘தியேட்டர் தியூ சொலெய்’ 1964இல் தொடங்கியது, அங்கே எல்லோருக்கும் ஒரே சம்பளம். வேலைக்குப் போய்விட்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிற குழுக்களுக்கு அந்த வாழ்க்கை வாய்க்காது. எங்களில் ஒருவர் சில வாரம் ஒதுங்கி நடுப்பகுதியை எழுதிக்கொண்டுவந்தார். அது அவர் எழுதியது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது, அதுவே பெரிய நிம்மதி.

அடுத்த முறை ஆரம்பிக்கும்போது முதல் ஒத்திகைக்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். ஆரம்பத்தில் எல்லோருக்கும் கூச்சம். “நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்?” என்று ஒருவர் கேட்கத்தான் செய்தார். நமக்குள் என்பதால்தான் இது வேண்டும், முன்பின் தெரியாதவர்களிடம் யாரும் இப்படி மனதைத் திறந்து காட்டப்போவதில்லை. ஒரு பக்கத்துக்கு மேல் போகவில்லை. கருத்து வேறுபாடு வந்தால் கடைசி முடிவு யாருடையது. பெயர்ப் பட்டியலில் எப்படிப் போடுவது. ஒருவர் பாதியில் போனால் அவர் கொண்டுவந்தது என்ன ஆகும். சொந்த வாழ்க்கையிலிருந்து சொன்னதை எந்தத் தேதி வரைக்கும் திரும்பப் பெறலாம். வசூல் செலவைத் தாண்டினால் எப்படிப் பிரிப்பது, தாண்டாவிட்டால் நஷ்டம் யாருக்கு. இவற்றில் மூன்றாவதும் நாலாவதும்தான் எழுதக் கஷ்டமானவை. எங்கள் ஏற்பாடு இது: குழுவாக உருவான காட்சி நாடகத்தோடு இருக்கும், போனவர் பெயர் பட்டியலில் நிற்கும், வசூலில் பங்கும் உண்டு. தனிவாழ்க்கைச் செய்தியை மட்டும் அரங்கேற்றத்துக்கு ஒரு மாதம் முன்புவரை காரணம் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு எடுத்தால் மாற்றுக் காட்சி செய்ய அவரும் உதவ வேண்டும். உங்கள் குழுவுக்கு இது பொருந்தாமல் இருக்கலாம், ஆனால் ஏதோ ஒன்றை எழுதுங்கள்.

அரங்கு எடுக்கும்போது இன்னொன்று. தள்ளிவைத்தால் முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது உதவாது. சுவரொட்டியைக் கடைசி வாரத்துக்கு முன் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

நாடகம் ஒருவழியாக அரங்கேறியது, பரவாயில்லை என்று சொல்லும்படி ஓடியது. அந்த நடிகை பார்க்க வந்திருந்தார், நாங்கள் பேசிக்கொள்கிறோம், ஆனால் சேர்ந்து வேலை செய்யவில்லை. இப்போது வேறொரு குழு இந்த நாடகத்தைத் தாங்கள் போட அனுமதி கேட்டிருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி கூட்டு உரிமையாளர்களில் ஒருவரே, லாபத்தில் மற்றவர்களுக்குப் பங்கு கொடுக்கிறேன் என்ற பொறுப்போடு, இப்படி அனுமதி தந்துவிடலாம். தனியுரிமையாகத் தர மட்டும் முடியாது. பிரிட்டனில் எல்லோரும் சம்மதிக்க வேண்டும். நாங்கள் எல்லோரையும் கேட்பது என்று முடிவு செய்து, ஐந்து பேருக்கும் கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறோம். நாலு கையெழுத்து வந்துவிட்டது. ஒளியமைப்பாளர் மட்டும், தான் என்ன எழுதினோம் என்று கையெழுத்துப் போடுவது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.